இரண்டு பெயரும் ஒரு நோட்டும்

எவுலாலியா பராசா கிஹாதா இருபத்திரண்டு வருடமாகத் தினமும் மெக்சிகோவிலிருந்து நொகாலெஸ் எல்லையை நடந்தே கடக்கிறாள். அமெரிக்கப் பக்கத்தில் சலவைக்கடை வேலை. இன்று புது அதிகாரி கணினியைப் பார்த்து முறைத்தான்.

"இந்த வருஷம் மூணே தடவைதான் வந்திருக்கீங்க. மத்த நாள் எந்த வழியா நுழைஞ்சீங்க?"

வரிசையில் அவள் பின்னால் நின்ற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவள் சிரித்தாள்.

"பராசா அப்பா பேரு, கிஹாதா அம்மா பேரு. எங்க ஊர்ல ரெண்டும் வேணும். உங்காளுங்க இஷ்டத்துக்கு ஏதோ ஒண்ண மட்டும் கணினில அடிக்கிறாங்க. கிஹாதான்னு தேடுங்க தம்பி."

தேடினான். மீதி எல்லா நாளும் இருந்தது.

அவள் பையிலிருந்து தடித்த நோட்டை எடுத்தாள்.

"நானும் பதிவு வச்சிருக்கேன். தேதி, வாசல், சோதிச்ச அதிகாரி பேரு. உங்க பேர முழுசா சொல்லுங்க, எனக்குத் தப்பா எழுதுற பழக்கமில்ல."