ஆலா முட்டைக்குக் காவல் நின்றவர்

அந்தத் தூரக்கண்ணாடியின் இடது கண் விரிசல் விட்டிருக்கிறது. வலது கண்ணில்தான் ஏதாவது தெரியும். அத்தான் காலமானதும் அக்கா அதை என்னிடம் தள்ளிவிட்டாள். அலமாரியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தான்மேல் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது விரிசல் விட்டது எல்லைப் போராட்ட வருஷங்களில். எங்கள் ஊர்ப்பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், அதை அடக்கப் போலீஸ். பாறசாலைப் பக்கம் ஆண்பிள்ளைகள் வெளியே தலைகாட்டவே யோசிப்பார்கள். அத்தானுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. வாத்தியார் வேலை; பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் பூவார் பொழிக்குப் போய்விடுவார். நெய்யாறு கடலில் சேரும் அந்த மணல்திட்டில் ஆலாக்கள் முட்டையிடும். கூடு கட்டக்கூடத் துப்பில்லாத பறவை, வெறும் மணலில் இட்டுவிட்டுப் போகும். அதற்கு இவர் காவல்! அக்கா நிறைமாதமாக இருக்கிறாளே என்று கேட்டால், குஞ்சு பொரிக்கிற நேரம் என்பார். எந்தக் குஞ்சு என்று அக்கா கேட்பாள்.

வலி எடுத்த அன்று என்னைத்தான் அனுப்பினார்கள். சாலையைப் போலீஸ் மறித்திருந்ததால் ஊர்வலம் மணல் வழியே வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அத்தான் நிற்கிறார்.

“அத்தான், அக்காவுக்கு நோவு கண்டாச்சு. வாருங்க.”

“இந்தா வாறேன் மக்கா. இவங்க சுத்திப் போவட்டும்.”

எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. தொண்டர்களிடம் தமிழ், போலீஸிடம் மலையாளம். இந்த மனுஷன் பதற்றத்தில் மாற்றிப் பேசினார். தொண்டர்களிடம் மலையாளத்தில் கெஞ்ச, சர்க்கார் ஆள் என்று அவர்கள் பிடித்துத் தள்ள, கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடி, கரையில் கிடந்த வள்ளத்தில் மோதி விரிசல் விட்டது. பின்னாலேயே ஓடிவந்த போலீஸைப் பார்த்து, முட்டையை மிதிக்காதீர்கள் என்று தமிழில் கத்தினார். ஊர்வலத்துக்கு முன்னால் நிற்கிறார், கையை விரிக்கிறார், தமிழும் பேசுகிறார். தலைவர் இவர்தான் என்று கொண்டுபோய்விட்டார்கள். நான் மலையாளத்தில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. முட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மகள் பிறந்து, பார்க்க வந்தவர்களெல்லாம் போன பிறகுதான் வீங்கிய உதட்டோடு வீடு வந்தார். அக்கா பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு வருஷாவருஷம் அவர் பொழிக்குக் கூப்பிடுவார், அவள் போகமாட்டாள். இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் நான்தான் கிடந்து அவதிப்பட்டேன்.

எங்கள் ஊர் கேரளத்திலேயே தங்கிவிட்டது. அத்தானும் போய்விட்டார். போன வாரம் அக்கா திடீரென்று பொழிக்குப் போக வேண்டும் என்றாள். முட்டுவலியோடு இப்போதுதான் தோன்றியதா! சுற்றுலாப் படகுகளின் இரைச்சலுக்கு நடுவே அவளை மணலில் இறக்கினேன். கொஞ்ச தூரத்தில் சில ஆலாக்கள் அடைகாத்து உட்கார்ந்திருந்தன. கண்ணாடியைக் கொடுத்து, வலது கண்ணை மட்டும் வை என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதுக்காக்கும் அந்த மனுஷன் அடி வாங்கினது.”

வெயில் ஏறுகிறது, போகலாம் என்றேன். காதில் வாங்கவில்லை. படகிலிருந்து இறங்கிய ஒரு கூட்டம் ஆலாக்களை நோக்கி மணலில் வந்தது. அக்கா கண்ணாடியை இறக்காமலே, மற்றக் கையை அகல விரித்தாள்.

“சுத்திப் போங்க மக்கா.”