பின்கதவில் தண்ணீர் கேட்டவள்

பேய் பகலில் வராது என்று சொல்பவர்கள் இரவு ஷிப்டு பார்த்ததில்லை. எனக்குக் காலை ஏழு மணிக்குத்தான் இரவு தொடங்கும். அப்படிப்பட்ட என் இரவு ஒன்றில், நல்ல வெயிலில், பவானியில் நடந்தது இது. 1996, ஆடி மாதம். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. நம்பினால்தான் எனக்கு வெட்கம்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருந்தேன். மனைவி மெர்சி, ஐந்து மாதக் குழந்தையோடு அன்னூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஒற்றை அறை வீடு. ஆவணியில் அவள் தம்பிக்குக் கல்யாணம். அதற்குமேல் அங்கே இடமில்லை. "ஊடு கெடைச்சுதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் உறுத்தியது.

ஷிப்டு முடிந்ததும் பாலத்தைத் தாண்டி பவானியின் பழைய தெருக்களில் அலைவேன். குடியிருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டுக்கு வீடு ஜமுக்காளத் தறிச் சத்தம். சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடக்கிற தூரம். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் ஆறு. மின்விசிறி தேவைப்படாத காற்று. காலி வீடுகளும் இருந்தன. என் அப்பா பெயரைக் கேட்கும்வரை காலியாக இருந்தன.

"அமிர்தநாதனுங்க."

"அப்படிங்களா... இந்த ஊட்டுக்கு எங்க சொந்தக்காரங்க வாராங்க கண்ணு."

மில்லில் என்னோடு நின்ற வெள்ளகோவில்காரன் தம்பிதுரை இதைக் கேட்டுச் சிரித்தான். "டேய் ரூபா, எம்பேரையும் எங்கப்பன் பேரையும் எடுத்துக்கடா. இத்தன வருசம் வெச்சிருந்து நான் ஒண்ணும் கிழிக்கல. உனக்காவது ஒரு ஊடு கெடைக்கட்டும்."

அப்படித்தான் பழனாத்தாள் வீட்டில் நான் வெள்ளகோவில் தம்பிதுரை ஆனேன். முன்பகுதியில் அந்த அம்மாள் தனியாக இருந்தார். பின்னால் இரண்டு அறைகள் வாடகைக்கு. பின்கதவைத் திறந்தால் ஆற்றுப்படி. படிக்கு இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர்.

"ஒரு நாள் இருந்து பாருங்க கண்ணு. ஊடு உங்களுக்குப் புடிக்குதா, ஊட்டுக்கு உங்களைப் புடிக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்து படுத்தேன்.

டொக்... டொக்...

பின்கதவு. மணி ஒன்று பத்து.

"ஏனுங்க சாமி... கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

தூக்கக் கலக்கத்தில் சொம்போடு போய்த் திறந்தேன். படியில் ஒரு பெண். நனைந்த சேலை. தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே ஏந்தி நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். தோட்டத்து வீடுகளின் வாசலில் என் அம்மா அப்படித்தான் நிற்பாள். சொம்பைத் தொட விடமாட்டார்கள். மேலிருந்து ஊற்றுவார்கள். கையில் ஏந்திக் குடிக்க வேண்டும்.

நான் சொம்பை அவள் கையில் கொடுக்கத்தான் நீட்டினேன். சத்தியமாக.

மேலே ஏதோ அசைந்தது. மொட்டை மாடியில் பழனாத்தாள். முறத்தில் மிளகாயோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை இழுத்துக்கொண்டேன். சொம்பை உயர்த்தினேன். ஊற்றினேன்.

குடித்தாள். சொம்பு காலி.

"இன்னுங்க..."

நிரப்பி வந்து ஊற்றினேன். காலி. மறுபடியும். காலி. ஓர் ஆள் இவ்வளவு குடிக்க முடியுமா?

அப்போதுதான் கவனித்தேன். சேலை சொட்டிக்கொண்டிருந்தது. படி நனையவில்லை... ஒரு துளிகூட.

இரண்டு பக்கமும் சுவர். கீழ்ப்படிகள் வெள்ளத்தில் மூழ்கியிருந்தன. எந்த வழியாக வந்தாள்?

அவள் முதுகுக்குப் பின்னால் ஆறு நிறையத் தண்ணீர்...

என்னிடம் ஏன் கேட்கிறாள்?

தலையை நிமிர்த்தினாள். முகம் ஊறி வெளுத்திருந்தது.

"போதும் ரூபா."

என் பெயர். அந்த வீட்டில் நான் சொல்லாத பெயர்.

சொம்பு நழுவியது. ணங்... ணங்... தண்ணீரில் விழுந்தது.

படியில் யாரும் இல்லை.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். வீடு வேண்டாம் என்று சொல்லத்தான். பழனாத்தாள் கையில் சாவியோடு நின்றிருந்தார்.

"என்ன கண்ணு, மத்தியானம் அவ வந்தாளாட்ட இருக்குது?"

"நீங்களும் பாத்தீங்களா?"

"எங்கண்ணுக்கு அவ தெரியமாட்டா. நீங்க சொம்பைத் தூக்கி ஊத்துனதுதான் தெரிஞ்சுது."

"யாருங்க அவ?"

"முந்தி இங்க குடியிருந்தவ. பேரை மாத்திச் சொல்லி வந்துபோட்டா. தெரிஞ்சதும் அவளையும் பாத்திரத்தையும் பின்படியில உட்டுக் கதவைச் சாத்திப்போட்டேன். ராத்திரி பூரா தட்டுனா. ஆத்துல தண்ணி ஏறிப்போச்சு. காலையில பாத்தா பாத்திரமும் இல்ல, அவளும் இல்ல. ஒம்பது வருசமாச்சுங்க."

மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஊடு பாக்க வர்றவங்க எல்லாத்துகிட்டயும் தண்ணி கேப்பா. சொம்பைக் கையில குடுக்கறவங்களுக்கு நான் ஊடு உடறதில்லைங்க. வாயைத் தெறந்து ஒரு கேள்வி கேக்க வேண்டியதில்ல பாருங்க." சிரித்தார்.

சாவியை நீட்டினார். அவர் விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன.

வாங்கிக்கொண்டேன்.