வளர்மதியின் வயிற்றுவலி

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. லாரி கழுவினேன், லாரி ஓட்டினேன். இன்று முத்தாண்டிக்குப்பம் சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகள் இந்தத் தனகோடியுடையவை. எங்கள் பெண்கள் கபடி அணிக்கு மேட் வாங்கிப் போட்டவனும் நான்தான். என் பெருமை போதும். வளர்மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்திரத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் பிறந்தவள் அவள். அப்பா மாடசாமி சங்கரன்கோவில் பக்கத்து ஆள், நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் தொழிலாளி. பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடியவளைக் கபடிக்கு இழுத்தது அவளுடைய கோபம். யார் இடித்தாலும் திருப்பி இடிப்பாள். இரண்டு முறை மாநில அணிக்கு ஆடினாள். இன்னொரு முறை தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று வீடே காத்திருந்தது.

சேத்தியாத்தோப்பு ஆட்டத்தில் இரண்டு பேர் அவள் காலைப் பிடித்துத் திருகினார்கள். முட்டிக்குள் 'டொக்' என்று சத்தம் கேட்டதாம். எழுந்து தொடையைத் தட்டிக்கொண்டு அடுத்த ரெய்டுக்குப் போனாள். கூட ஆடியவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் 'போட்டுக் கொடுத்தவள்' என்று பேராம். அடிபட்டதைச் சொன்னால் கோள்மூட்டியா? மைன்ஸில் கால் வழுக்கினாலே ஷிப்டில் சொல்லிவிட வேண்டும் என்று பாதுகாப்பு வகுப்பில் படித்த மாடசாமி, மகளிடம் சொன்னது இது: "செலக்‌ஷன் முடியட்டும், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ."

முட்டி வீங்கும் நாட்களில் பயிற்சியாளர் இளவழகனிடம் போய், "வயித்து வலி சார்" என்பாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, ஒக்காரு" என்பார். மேலே ஒரு கேள்வி கிடையாது.

கடைசியில் அவரே என் லாரி ஷெட்டுக்கு வந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. வளர்மதிக்கு வாராவாரம் வயித்து வலி வருது."

"மாசாமாசம்னா சரி, வாராவாரமா? உனக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியா?"

"ஆயிடுச்சிங்க."

"அப்பறம் என்னாய்யா? இன்னா ஏதுன்னு கேக்க வேண்டியதுதான?"

"பொம்பளப் புள்ளைங்ககிட்ட எப்பிடிங்க கேக்கறது?"

"கேக்கக் கூச்சமா இருந்தா வூட்ல குந்திக்கினு இரு. கழுத்துல எதுக்கு விசிலு?"

அன்று சாயங்காலமே மைதானத்துக்குப் போனேன். "எங்கேம்மா வலிக்குது?" என்று நேராகவே கேட்டேன்.

"எங்கேயும் இல்லைங்கய்யா."

"அப்ப ஏன் ஒரு காலைத் தாங்கிக்கினு நிக்கிற? குந்தி எழுந்திரு, பாக்கலாம்."

அவள் குந்தவில்லை. முகம் சிவந்துவிட்டது. "சொன்னா என்ன பண்ணுவீங்க? நம்ம டீம்ல இருந்த சண்முகப்ரியா தோள்பட்டை வலின்னு சொன்னா. 'ரெஸ்ட் எடும்மா'ன்னு அனுப்பினாங்க. இன்னும் ரெஸ்ட்லதான் இருக்கா. முதல்ல அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன், எங்க வலிக்குதுன்னு."

போலீஸ்காரரே என்னிடம் குரலை இறக்கித்தான் பேசுவார். இவள் கத்தினாள். ஆனால் சொன்னதில் பொய் இல்லையே.

மறுநாள் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். சண்முகப்ரியா ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். தோள் எப்போதோ தேறிவிட்டதாம்.

"என்னா ஐயா, ஆள் கொறையுதா? இப்பத்தான் என் நெனப்பு வந்துதா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைக் குத்தியது. கடை முதலாளியிடம் பேசி, அவளைக் கையோடு அழைத்து வந்தேன்.

"இவ நம்ம டீம்ல இருக்கா. சரிதான?" என்று எல்லார் முன்னாலும் இளவழகனைக் கேட்டேன். "சரிங்கய்யா" என்றார். சண்முகப்ரியா கோட்டைத் தாண்டி ஒரு ரெய்டு போனாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

வளர்மதி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஓரமாக உட்கார்ந்து, முட்டியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். முட்டி எது, தொடை எது என்று தெரியாத வீக்கம்.

"முட்டி சார். சேத்தியாத்தோப்புலேர்ந்தே."

இளவழகன் பழக்கத்தில், "சரிம்மா, ரெஸ்ட் எடு" என்றார்.

"எதுவரைக்கும்னு சொல்லுங்க சார்," என்று சண்முகப்ரியா குறுக்கே வந்தாள். "எனக்குத்தான் சொல்லல."

அவர் விசிலைத் திருகினார். ஒரு பெண்ணும் அசையவில்லை. "டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும். வந்ததும் மொத ரெய்டு அவதான்."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுய்யா!" என்றேன். இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.

மாநில அணிக்கான தேர்வு அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. அறுவை சிகிச்சையும் ஆயிற்று. வேலை தள்ளிப்போன கோபம் அவளுக்கு ஆறவில்லை, எனக்கும்தான். இப்போது ஊன்றுகோலோடு மைதானத்துக்கு வந்து ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நேற்று புதிதாகச் சேர்ந்த அகிலா, "வயித்து வலி சார்" என்றதும், அங்கிருந்தே கத்தினாள்.

"எந்த வயிறுடி? கணுக்காலா, முட்டியா?"

"ஐயோ, நெசமாவே வயிறுதான்க்கா!"

இளவழகன் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. "எப்பலேர்ந்தும்மா?" என்று கேட்டார்.