அக்காவுக்கு எடுத்த கோடி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மலேசியாவின் ஈப்போவில் மூன்று லாரிக்கு முதலாளி ஆனேன். யுத்தக் காலத்தில் என் அக்கா அஞ்சலையின் கணவரை ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போனான். அவர் திரும்பவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை.

எண்பத்து மூன்றில், என் வீட்டுக் கலர் டிவியில், போரில் பிரிந்த கொரியாக்காரர்கள் பெயர் அட்டையோடு சொந்தங்களைத் தேடி அழுதார்கள்.

“நம்மாளுங்களுக்கு இப்படி ஒண்ணு வைக்க மாட்டாங்களா தம்பி?” என்றாள் அக்கா.

“மாமா செத்திருப்பாருக்கா.”

“நீ கண்ணால பாத்தியா?”

மறு வருடம் அக்கா இறந்தாள். பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான்தான் அவள்மேல் போட வேண்டும். விதவைக்கு வெள்ளை, சுமங்கலிக்குச் சிவப்பு.

“என்னா நிறம் எடுக்கப் போறீங்க அண்ணே?” என்று பெண்கள் கேட்டார்கள்.

மாமா உயிரோடு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஈப்போவிலேயே விலை கூடிய சிவப்புப் பட்டுப் புடவையை எடுத்து வந்து போர்த்தினேன்.