ஐயா ஊதிய சுண்ணாம்பு நீர்

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மரியகொரட்டி டீச்சருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. கட்டி முடித்து இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஆய்வுகூடத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்தில் சுவரும் கூரையும் இருந்தால் மட்டும் கட்டடமாகிவிடாது. ஒரு பெரியவர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். அதுவரை கூரை ஒழுகக்கூடக் கூடாது. ஒழுகியது, அது வேறு விஷயம்.

ஒருவழியாகப் பதுளையிலிருந்து ஓர் அரசியல் ஐயா வரச் சம்மதித்தார். ரிப்பனுக்கு முன்னால், வாசலிலேயே, ஐயா கையால் ஒரு பரிசோதனை என்று பாடசாலை அதிபர் தம்பையா முடிவெடுத்தார். டீச்சர் வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவைத்து, கண்ணாடிபோல் வடித்து, சோதனைக்குழாயில் கொஞ்சம் ஊற்றினார்.

"ஊதுங்க ஐயா. மூச்சுல இருக்கிற காபனீரொட்சைட்டு வாயு பட்டதும் பால் மாதிரி ஆகிரும். ஆனதும் நிப்பாட்டிருங்க."

ஐயா ஸ்ட்ரோவைக் குழாய்க்குள் விட்டு ஊதினார். வெளுத்தது. கைதட்டல். அத்தோடு விட்டிருக்கலாம். கூட வந்த படக்காரர் றுஷாந்தன், "மாலை மறைக்குதுங்க ஐயா, இன்னொருக்கா" என்றார். ஊதினார். "மொகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம்." மறுபடி ஊதினார்.

"போதுங்க ஐயா" என்றார் டீச்சர்.

"சும்மா இருங்க டீச்சர், ஐயாவுக்குத் தெரியாதா?" என்றார் அதிபர்.

மேடையில் நிறுத்தாமல் பேசிப் பழகிய நுரையீரல் அல்லவா? வெள்ளை மெல்லக் கரைந்து, குழாயில் பழையபடி தெளிந்த தண்ணீர்.

கொழுந்து பறிக்கப் போகாமல் வேடிக்கை பார்க்க வந்திருந்த லெட்சுமி சத்தமாகச் சொன்னாள்: "ஐயா பேப்பர்ல குடுத்த வீடு மாதிரியே! வந்துச்சு, காணோம்!"

கூட்டம் சிரித்தது. ஐயா சிவந்தார்.

"என்னைக் கேவலப்படுத்தவா கூப்பிட்டீங்க?"

"இல்லீங்க ஐயா. காபனீரொட்சைட்டு கூடிப்போனா வெள்ளை கரைஞ்சிரும். விஞ்ஞானம் அப்படிங்க."

"விஞ்ஞானத்தையும் எதிர்க்கட்சிக்காரன் புடிச்சிட்டானா?"

வாகனம் கிளம்பிப் போயிற்று. கத்தரிக்கோல் தட்டிலேயே கிடந்தது. அதிபர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இனி இன்னொரு ஐயாவுக்கு எங்க போவேன்? ரிப்பன் வெட்டாம எப்படித் தொறக்கிறது?"

விழாவுக்காகக் கதவு என்னவோ திறந்துதான் இருந்தது. டீச்சர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார்.

"வாங்க பிள்ளைகளா, ஐயா ஏன் தோத்தாருன்னு பாப்போம். பார்த்துக் குனிங்க. ரிப்பன் அறுந்துச்சுன்னா அதிபர் சாருக்கு நெஞ்சு வலி வந்துரும்."