மருமக்கள் பட்டியலில் என் பெயர் இல்லை

யூக்கலிப்டஸ் தைல மணம்... மாமி காரில் ஏறுவதற்கு முன்னமே அது ஏறிவிடும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் அடித்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

மாமி என்றால் சுபாவின் அம்மா. சுபா என் மனைவி. ஓம், நானும் பெண்தான். ரொறன்ரோவில் சட்டப்படி பதிவு செய்து, கையெழுத்து வைத்துக் கட்டிய கல்யாணம்.

அப்போதும் ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில்தான் வீடு. மாமிக்குக் கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். சுபாவுக்குக் காலை ஷிப்ட், அதனால் நான்தான் டிரைவர். பனி கொட்டினாலும் ஆறு மணிக்குக் காரைத் துடைத்து ஹீட்டரைப் போட்டு வைப்பேன்.

திரும்பி வரும்போது, டாக்டர் வேண்டாம் என்றாலும், அஜின்கோர்ட் தமிழ்க் கடையில் பொரித்த இறைச்சி ரோல்ஸ் ஒன்று வேண்டும் என்று அடம்பிடிப்பார்.

"சுபாவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை."

பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை நானே சாப்பிடுவேன்.

முதல் நாள் நர்ஸ் நான் யார் என்று கேட்டார். நான் வாய் திறக்க முதலே மாமி முந்திக்கொண்டார். "டோட்டர் இன் லோ!" மருமகளாம்! வார்ட் முழுக்கக் கேட்டிருக்கும்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. பிறகு மாமி போய்விட்டார்...

மரண அறிவித்தலை லண்டனில் இருக்கும் சுபாவின் அண்ணன் எழுதி இணையத்தில் போட்டார். பிள்ளைகள்... லண்டன், நோர்வே, கனடா. சரி. மருமக்கள்... லண்டன் அண்ணி. நோர்வே அத்தான். அவ்வளவுதான்.

நோர்வே அத்தான்! சுபாவின் அக்காவை விட்டுவிட்டுப் போய் ஐந்து வருஷமான மனிசன். மாமி எப்படி இருக்கிறார் என்று ஒரு போன் எடுத்துக் கேட்டதில்லை.

லண்டனுக்கு அடித்தேன்.

"அண்ணை, அத்தான்ரை பேர் எப்பிடி வந்தது?"

"இன்னும் டிவோர்ஸ் ஆகேல்லைத்தானே. சட்டப்படி அவர் மருமகன்."

"அப்ப நான்? கனடாவிலை சட்டம் இருக்கு, லண்டனிலை இருக்கு, நோர்வேயிலையும் இருக்கு. நானும் சட்டப்படி மருமகள்தானே!"

"ஊரிலை அந்தச் சட்டம் இல்லையே தங்கச்சி. ஊர்ச்சனமும் வாசிக்கும். அம்மான்ரை மரியாதையைப் பாக்க வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாடு ஒத்துக்கொண்ட கல்யாணத்தை, ஊரில் நாலு பேர் வாசிப்பார்கள் என்று ஒரு மனிசன் இல்லாமல் ஆக்கிவிட்டார். அம்மாவின் மரியாதையாம்! அந்த அம்மாவுக்கு என்னைச் சொல்ல ஒரு நாளும் வெட்கமிருக்கவில்லை.

கல்யாணத்தன்று சிற்றி ஹோலில் வைத்த ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்... நல்ல கெட்டிக்காரிகள்! இப்போது இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. போன மாதம் உயில் எழுத ஒரு தமிழ் லோயரிடம் போனோம். வீடு, கார் எல்லாம் சொல்லி முடிந்ததும் இன்னொன்றும் எழுதச் சொன்னேன். நான் செத்தால் அறிவித்தலை சுபாதான் எழுத வேண்டும். மனைவி என்று தன் பெயரை அவளே போட வேண்டும். வேறு ஒருவரும் அதில் கை வைக்கக்கூடாது.

லோயர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, உதெல்லாம் ஆரும் உயிலிலை எழுதுறேல்லை."

"உங்களுக்குத் தேவையில்லை தம்பி. எங்களுக்குத் தேவை. எழுதுங்கோ."