கூண்டுக்குள் இரண்டாவது கினிப் பன்றி

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். கான்ட்ராக்டில் புதிதாக வருபவனைப் பழைய ஆபரேட்டர் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தள்ளி வந்துவிடுவது என் வழக்கம். நான் நின்றால் இருவரும் எனக்காக நடிப்பார்கள். விட்டுவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் தாங்களே ஒரு வழிக்கு வந்துவிடுவார்கள். சிலர் மறுநாள் வரவே மாட்டார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. மிஞ்சியவர்களைக் காட்டி, பார், பழகிவிட்டார்கள் என்று பெருமை பேசுவேன்.

படப்பையில் எங்கள் வாடகை வீட்டில் மகள் ஒரு கினிப் பன்றி வளர்த்தாள். பெயர்தான் பன்றி, பார்க்க வால் இல்லாத கொழுத்த எலி. பள்ளிக்கூடம் விட்டு அவள் படியேறும் சத்தம் கேட்டாலே வீல் வீலென்று கத்தும். தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், துணை வேண்டும் என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வார விடுமுறையான ஒரு புதன்கிழமை ஒன்று வாங்கி வந்தேன். கறுப்புக் குட்டி. இரண்டுமே ஆண்.

எப்படிச் சேர்ப்பது என்று அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். புதியதை இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும், நோய் இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம் நடுவே கம்பி வைத்து ஒன்றின் வாசனையை மற்றது பழக வேண்டும். அதற்கும் பிறகு, இரண்டுமே கால் வைக்காத ஓர் இடத்தில், நாம் கூடவே உட்கார்ந்துகொண்டு இரண்டையும் இறக்கிவிட வேண்டும். ஒளிந்துகொள்ளப் பெட்டியும் தண்ணீரும் இரண்டிரண்டு.

"பழசோட கூண்டுல மட்டும் போட்றாதப்பா. அது அதோட வூடு" என்றாள்.

பன்னிரண்டு வயசுப் பெண், எனக்கே பாடம் எடுக்கிறாள் என்று சிரித்தேன். மனைவி வேறு, "இருக்கறது ஒரு ரூமு, ஒரு ஹாலு. ரெண்டாவது கூண்ட என் தலை மேலயா வெப்பா?" என்றாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் ஜோடியாகக் காட்டி அசத்தலாம் என்று கறுப்பைப் பழையதன் கூண்டுக்குள் விட்டேன். பழையது ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றி வந்தது. பல்லைக் கடகடவென்று அடித்தது.

"பாத்தியா, பேசிக்கிதுங்க" என்றேன் மனைவியிடம். பேச்சாம் பேச்சு! கடிக்கப்போகிறேன் என்று அது சொன்னதை மகள் வந்துதான் எனக்கு விளக்கினாள்.

"நாம நின்னா பழகாதுங்க, வா" என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கூண்டில் விரித்திருந்த புல் முழுக்க ரத்தம். இருந்த ஒரே பெட்டியில் பழையது உட்கார்ந்திருந்தது. கறுப்புக்கு ஓட இடமில்லை, மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. உதடு கிழிந்து, ஒரு கண் மூடியிருந்தது.

மகள் பையைக்கூட இறக்காமல் கூண்டின் முன் உட்கார்ந்தாள்.

"கூடவே ஒக்காந்து பாத்துக்கினு இருந்தியாப்பா?"

"இருந்தேன்மா" என்றேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

மாட்டு டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் கறுப்பு செத்துப்போனது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சேர்த்து வைத்ததற்கு ஒரு அடி, பொய் சொன்னதற்கு ஒன்பது.

கொஞ்ச மாதம் கழித்து அவள் தோழி ஒரு குட்டி கொடுத்தாள். இரண்டு வாரம் சமையலறை மூலையில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாள். இடம் இருக்கத்தான் இருந்தது. பிறகு கம்பிக்கு இருபுறமும் சில நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் புதுப் போர்வை விரித்து, இரண்டு பெட்டி வைத்து, சண்டை வந்தால் பிரிக்கக் கையில் துண்டோடு உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவலாம் என்றுதான்.

அவள் குட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"வுடும்மா, நான் கீறன் இல்ல" என்றேன்.

"நீ வெளிய போப்பா. நீ இருந்தா எனக்கு பயமா கீது."

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான், "போ" என்று அவள் குட்டியை இறக்கிவிடுவது கேட்டது.